இரண்டரை மணிக் கூட்டம்

பீல் நகரத்தில் ஒரு பழைய கடிகாரத் தொழிற்சாலை.
மூன்றாம் மாடிச் சுவரில்
பன்னிரண்டு மணிக்கூடுகள்.
ஒன்றும் ஓடவில்லை.

"ஒருவரையும் விடாத உணவுக் கொள்கை"
என்று ஜெர்மனில் ஒரு பதாகை,
பிரெஞ்சில் ஒரு பதாகை.
தமிழுக்கு நான்.
மணிக்கணக்கில் கூலி, பஸ் காசு தனி.

நான் யாருடைய வாயாக வந்தேனோ
அவர் வரவில்லை.
இராசமலர்.
மருத்துவமனைச் சமையலறையில்
பதினேழு வருடமாகத் தட்டுக் கழுவுகிறவர்.
கதிரைக்கு முன்னால் பெயர் அட்டை மட்டும்.
அதில் ரசமாலா என்று எழுதியிருந்தது.

வெறும் கதிரையைப் பார்த்துக்கொண்டே
பெண்களின் பங்கேற்பு பற்றி
நாற்பது நிமிடம் பேசினார்கள்.
நான் வாயை மூடிக்கொண்டு
சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஃபில்மோன், வயது பத்தொன்பது,
முதியோர் இல்லத்தில் சமையல் பயிலுகிறவன்.
இளைஞர் பிரதிநிதி.
இதுவரை அவனிடம் கேட்டவை இரண்டு:
கதிரைகளை இழுத்துப் போட முடியுமா,
படத்துக்குக் கொஞ்சம் சிரிக்க முடியுமா.

எதிரே வ்ரேனி.
முப்பது வருடம் கரட் கிளறிய கை.
வளைந்த கரட்டைக் கடைக்காரன் எடுக்க மாட்டான்,
நேரான கரட்டின் காசு
கணவர் பெயரில் வரும்,
நிலமும் அவர் பெயரில்.
என் பெயரில் என்ன இருக்கிறது என்று
ஒருநாள் தேடிப் பார்த்தேன், என்றார்,
நூலக அட்டை.
சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மூன்று பத்துக்குக் கதவு திறந்தது.
கோட்டுக்குக் கீழே ஏப்ரன்,
விரல் நுனியெல்லாம் நீரில் ஊறி வெளுத்து.
"போர்த்துக்கேயப் பிள்ளையிட்ட
ஒரு மணித்தியாலம் கடன் வாங்கிக்கொண்டு வந்தனான்,
கெதியாச் சொல்லுறன்" என்றார்.

"நாலாம் மாடியில இருந்து
சூப் திறக்காமலே திரும்பி வருது.
ருசியில்லையெண்டு
மூண்டு தரம் சமையல்காரரை மாத்தினவை.
ருசி இல்லை பிரச்சினை.
அந்த மூடி.
கை நடுங்கிற சனத்தால அதை உரிக்கேலாது.
தட்டுத் திரும்பி வாறது என்னட்டத்தானே.
என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல."

மொழிபெயர்த்தேன்.
யாரோ பேனாவைத் தேடினார்கள்.

பிறகு ஒன்று சொன்னார், நான் தடக்கினேன்:
"இவ்வளவு மிச்சம் வந்தும்
ஒண்டும் மிச்சமாகேல்ல."

எறிவதற்கும் மிச்சம்,
சேர்த்து வைப்பதற்கும் மிச்சம்.
எங்களிடம் ஒரே சொல்.
ஜெர்மனில் இரண்டு சொல், பிரெஞ்சிலும் இரண்டு,
நடுவில் ஒரு குப்பைத் தொட்டி போகும் அகலம்.
நான் இரண்டையும் சொன்னேன்.
பிழையாகத்தான் கேட்டிருக்கும்.

தலைவர் நன்றி சொன்னார்.
மிக முக்கியமான குரல் என்றார்.
அடுத்த கூட்டம், மாதத்தின் முதல் செவ்வாய், இரண்டரை மணி.

இராசமலர் சுவரைப் பார்த்தார்.
பன்னிரண்டு கூடும் பன்னிரண்டு நேரம் காட்டின.
"அப்ப நான் வரமாட்டன்.
இரண்டரைக்குத்தான் மத்தியானத் தட்டெல்லாம் இறங்கும்."
ஃபில்மோன் கையை உயர்த்தினான்:
செவ்வாய் எனக்குப் பள்ளிக்கூடம்.
இன்றைக்கும் கள்ளம் போட்டுத்தான் வந்தேன்.
வ்ரேனி சொன்னார்:
அறுவடை மாதத்தில் பகலில் நான் ஏது.
ஏழரை என்று ஒரு குரல்.
எனக்கு ஏழுக்கு ரயில், என்றார் தலைவர்,
உண்மையான வருத்தத்தோடு.
செயலாளர் எழுதியது: நேரம், பின்னர்.

எல்லோரும் எழுந்தபோது
மேசையில் முப்பது சாண்ட்விச் கிடந்தன,
சீஸ் ஓரம் காயத் தொடங்கி.
இராசமலர் ஒருவரையும் கேட்கவில்லை.
கடதாசித் துண்டில் சுற்றினார்:
ஃபில்மோனுக்கு ஆறு,
கடன் தந்த பிள்ளைக்கு நாலு,
வ்ரேனியின் கைப்பையில் இரண்டு,
எனக்கு மூன்று.

என்ன செய்கிறார், என்று தலைவர்
என் காதோரம் குனிந்து கேட்டார்.

"மிச்சம்" என்றேன்.
மொழிபெயர்க்கவில்லை.